மழை மணியில் நான் வைத்த வயர்

தெலுங்கு பேசும் குஷாய்குடாவில் எங்கள் குடியிருப்பைச் சுற்றியிருந்த பள்ளிகளுக்கு ஓர் அறக்கட்டளை உதவி வந்தது. எங்கள் தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்துபோன ஓர் இன்ஜினீயரின் நினைவாக அவர் மனைவி ஏற்படுத்தியது. வருஷா வருஷம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டிரான்சிஸ்டர், பஸ்ஸர், வயர் எல்லாம் போட்ட ஒரு பெட்டி வரும். அதை வைத்துத் தாங்களாகவே ஏதாவது செய்து காட்டும் சிலருக்கு சனிக்கிழமை அறிவியல் வகுப்பில் இடம் கிடைக்கும்.

என் மகளுக்கு அந்த இடம் கிடைக்குமா என்ற கவலையில் அந்த மாதம் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. என்ன செய்கிறாள் என்று அவள் சொன்னால்தானே! நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும்: "செப்பனு போ!" சொல்லமாட்டாளாம்.

அவற்றைப் பள்ளியில் காட்டும் கண்காட்சி அன்று காலை அவள் குளிக்கப் போனதும் பெட்டியைத் திறந்தேன். நான் வயரிங் பிரிவில் வேலை பார்ப்பவள். வயரைப் பற்றவைத்த சால்டர் மங்கலாக, உருண்டையாக நிற்பதைக் கண்டால் கை சும்மா இருக்காது. நான்கு ஜாயின்ட்டைச் சூடாக்கிச் சரிசெய்தேன். ஓரத்தில் இரண்டு வயர் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. பாவம், மறந்துவிட்டாள் என்று நடுவில் ஒரு துண்டு வயரை வைத்துச் சேர்த்தேன். ஐந்தாவது ஜாயின்ட்டுக்குப் போவதற்குள் அவள் வந்துவிட்டாள். ஜடை பின்னிவிடும்போதுதான், செய்தது சரிதானா என்ற சந்தேகம் வந்தது. சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்த இன்ஜினீயரின் மனைவியே பார்வையிட வந்தார். மகள் பேட்டரியைப் போட்டதும் பஸ்ஸர் அலறியது. நிற்கவே இல்லை.

"மழை வந்தால் அடிக்கும் மணின்னு எழுதியிருக்கே. மழை எங்கேம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். பக்கத்து மேசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த இரண்டு வயரும் ஏன் தொடாமல் நின்றன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இடைவெளியில் மழைத்துளி விழுந்தால்தான் மணி அடிக்க வேண்டும். நான் அதை அடைத்து வைத்திருந்தேன்.

மகள் பளபளத்த ஜாயின்ட்டுகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா, நுவ்வே கதா?" நீதானே என்று கேட்டாள்.

"நான்தாங்க," என்று முன்னே போனேன். "அவ செஞ்சது சரியாத்தான் இருந்திருக்கு. நான்தான் கெடுத்துட்டேன்."

"வயரிங் பிரிவா?"

"ஆமாங்க."

"நல்ல சுத்தமான வேலை. எங்க வீட்டுக்காரர் பார்த்திருந்தா பாராட்டியிருப்பார். இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

மகள் கட்டரை எடுத்து அந்தத் துண்டை நறுக்கினாள். சத்தம் நின்றது. விரலைத் தண்ணீரில் நனைத்து அந்த இடைவெளியில் இரண்டு சொட்டு உதறினாள். மணி அடித்தது.

"அங்கே வெட்டணும்னு எப்படித் தெரிஞ்சது?" என்று அவர் கேட்டார்.

"இடைவெளி விட்டதே நான்தானே," என்றாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

அந்த மழைக்காலம் முழுவதும் மணி எங்கள் துணிக்கொடியில் தொங்கியது. தூறல் விழுந்ததும் அடிக்கும். நான் துணி எடுக்க ஓடுவேன். அந்த ஐந்தாவது ஜாயின்ட் மங்கலாகவே இருந்தது. ஒரு நிமிஷம் சூடு காட்டினால் போதும். நான் தொடவில்லை.