குழாய் வாயில் பனியன் வேஸ்ட்

இளங்கோ என்ற பெயரை மயிலாள் முதன்முதலில் ஒரு திட்டோடு சேர்த்துத்தான் கேட்டாள். அவள் ஊரான பொங்கலூரின் பஸ் ஸ்டாப்பில் ஒரு காண்ட்ராக்டர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "அந்த இளங்கோகிட்ட லைன் வேலையக் குடுத்தா அடுத்த வருசந்தான் ஸ்டீம் வரும். குழாய்க்குள்ள தலைய உட்டுப் பாத்துட்டே கெடப்பான்." யாரோ பாவம் என்று நினைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

இரண்டு மாதம் கழித்து, கணியூரில் வாழ்க்கைப்பட்ட அவள் சின்னம்மா மகள் கருத்தம்மா ஒரு மாப்பிள்ளை விஷயமாக வந்தாள். கருத்தம்மாவின் நாத்தனார் மகன். முறையும் சரியாக வந்தது. வெல்டர். குடிக்கமாட்டான், கோபம் மட்டும் மூக்குக்கு மேலே நிற்கும். பெயர் இளங்கோ.

"குழாய்க்குள்ள தலைய உடறவனா?" என்று மயிலாள் கேட்டாள்.

கருத்தம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஆவணியிலேயே மயிலாள் தன் மகள் விஜயகுமாரியை அவனுக்குக் கொடுத்தாள்.

காண்ட்ராக்டர் சொன்னது பொய்யில்லை. அவன் ஒவ்வொரு குழாயையும் நிமிர்த்திவைத்துச் சுத்தியலால் தட்டி உள்ளிருக்கும் பொருக்கை உதிர்ப்பான். கம்பி பிரஷ்ஷைக் கயிற்றில் கட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுப்பான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு டார்ச் அடித்துப் பார்ப்பான். பற்றவைக்கும்போது உள்பக்கம் கரிந்து பொருக்குத் தட்டாமலிருக்க ஆர்கான் வாயுவைக் குழாய்க்குள்ளேயும் ஓடவிடுவான். சாயங்காலம் திறந்த முனைகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் மூடி போட்டு டேப் சுற்றிவிட்டுத்தான் கை கழுவுவான். "வெளிய துருப்புடிச்சா பெயிண்ட் அடிச்சுக்கலாம். உள்ள புடிச்சா எவன் போயி அடிப்பான்?" என்பான். யாராவது சிரித்தால் அன்றைக்கு அவர்களோடு பேச்சு இல்லை.

அருள்புரத்தில் மகுடேஸ்வரன் நடத்தும் யூனிட்டில் மயிலாள் எட்டு வருடமாகக் கூட்டிப் பெருக்கி, கழிவுத் துணியான வேஸ்ட்டைப் பிரித்து வந்தாள். சாயம் போட்டு வரும் பனியன் துணிக்கு நீராவி அடித்து அளவுக்குக் கொண்டுவரும் இடம் அது. நீராவி நேராகத் துணி மேலேயே படும். போன ஐப்பசியில் அங்கே புது பாய்லர் வந்தது. லைன் வேலைக்கு மருமகன் பெயரை முதலாளியிடம் சொன்னவள் அவள்தான்.

வேலை பாதி நடந்திருந்தபோது கணியூரில் இளங்கோவின் பெரியம்மா இறந்துபோனாள். எடுத்த அன்றே மயிலாள் திரும்பிவிட்டாள். காரியம் முடியும்வரை இளங்கோ அங்கேயே இருந்தான். அந்த இடைவெளியில் பெயிண்டர் வந்தான். முனைவரை பூச வேண்டும் என்று மூடிகளைக் கழற்றி எங்கேயோ போட்டுவிட்டுப் போனான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மேனேஜர் பிரபாகர் மயிலாளைக் கூப்பிட்டான். "அக்கா, அந்தக் குழாய் வாயிலெல்லாம் வேஸ்ட்டத் திணிச்சு உடுங்க."

"மாப்பிள்ளை மூடி போட்டிருந்தாருங்களே சார்."

"அதைத் தேடிட்டு இருக்க நேரமில்ல. திருப்பூர்ல துணிக்கா பஞ்சம்? அடைங்கக்கா."

அந்த ஊரில் எண்ணெய் துடைக்க, ஓட்டை அடைக்க, விரல் வெட்டுப்பட்டால் கட்ட, எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். மயிலாளும் ரோஸ் நிற வேஸ்ட்டை அள்ளிக்கொண்டு போய்ப் பதினாறு குழாய்க்கும் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் இறுக்கித் திணித்தாள். மாப்பிள்ளை வந்து பார்த்தால் மெச்சுவார் என்றுகூட நினைத்தாள். மூன்று நாள் மழை விடாமல் பெய்தது. துணி தண்ணீரைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொண்டது.

நாலாம் நாள் இளங்கோ வந்து முதல் குழாயிலிருந்து துணியை உருவினான். சொதசொதவென்று வெற்றிலை எச்சில் நிறத்தில் வந்தது. டார்ச் அடித்தான். உள்ளே சுற்றிலும் துரு. பதினாறும் அப்படித்தான் இருந்தன.

"எந்த நாயி இதை அடைச்சது?"

பிரபாகர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மயிலாள் கையில் விளக்குமாற்றோடு நின்றிருந்தாள். குப்பை அள்ளுவதுபோல் ஷெட்டுக்குப் பின்னால் போய்விட்டாள்.

இளங்கோ முதலாளியிடம் போனான். "நாலு நாள் குடுங்க. ஆசிட்ல கழுவி, காயவெச்சுத் தாறனுங்க."

"வெள்ளிக்கிழம பூஜை. ஸ்டீம் போனா அதுவே தள்ளிட்டு வந்துரும் போ," என்றார் மகுடேஸ்வரன்.

"வருமுங்க. துணி மேல வரும்."

"நீ வெல்டரா, டாக்டரா? ஒவ்வொரு குழாய்க்கும் நாடி புடிச்சுட்டு இருக்கற."

"இதுல இனி ஒரு ஜாயின்ட் நான் வெக்கமாட்டனுங்க." கேபிளைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவன் வெளியே நடந்தான். மத்தியானத்துக்குள் பிரபாகர் வேறொரு ஆளைக் கூட்டிவந்து மீதியைப் பற்றவைத்தான்.

வெள்ளிக்கிழமை பூஜை நன்றாகவே நடந்தது. திங்கட்கிழமை குழந்தைச் சட்டைக்கான வெள்ளைத் துணி மெஷினில் ஓடியது. வெளியே வந்த துணி முழுக்கப் பழுப்புப் புள்ளி.

மகுடேஸ்வரன் இளங்கோவை வரச்சொல்லி, எல்லா ஆட்களையும் நிற்கவைத்து, அந்தத் துணியை அவன் நெஞ்சில் எறிந்தார். "உன்ற கைவேலையப் பாரு. நாலு யூனிட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன். இந்த அருள்புரத்துல இனி எந்த கேட்டும் உனக்குத் தெறக்காது."

"நான் வெச்ச ஜாயின்ட்ட அறுத்துப் பாருங்க," என்றான் இளங்கோ.

"அறுத்துப் பாக்க இது என்ன வாழைத்தண்டா?"

சிலர் சிரித்தார்கள். மயிலாளுக்கு ஆத்திரம் வந்தது. முதலாளி மேல், சிரித்தவர்கள் மேல், எல்லாரையும்விட வாயை மூடிக்கொண்டிருந்த தன் மேல். விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"துணி வெச்சு அடைச்சது நானுங்க. அடைக்கச் சொன்னது இந்தப் பிரபாகர் சாருங்க."

"நான் மூடி வைங்கன்னுதான சொன்னேன்," என்றான் பிரபாகர்.

"சொன்ன வாயாலயே முழுங்காதீங்க சார். துணிக்கா பஞ்சம்னு கேட்டீங்களே, அது யாருங்க?"

"மருமகனுக்காகப் பொய் சொல்றயா?" என்றார் மகுடேஸ்வரன்.

மயிலாள், மெஷின்களைக் கழற்றிப் பூட்டும் பிட்டர் அந்தோணிராஜ் பக்கம் திரும்பினாள். "மெஷினுக்கு முன்னால ஒரு சல்லடை இருக்குதுல்லப்பா. அதைத் தொற."

அவன் முதலாளியைப் பார்த்தான். திறக்கும்படி முதலாளி கையைக் காட்டினார். நீராவியை நிறுத்திச் சூடு ஆறும்வரை யாரும் நகரவில்லை. அவன் சல்லடையை உருவினான். செந்நிறச் சேறு. அதற்குள் சுருண்டு கிடந்தது ரோஸ் நிற பனியன் துணியின் பிசிறு. மயிலாள் அதை விரலால் எடுத்து மகுடேஸ்வரன் முன்னால் நீட்டினாள்.

"இது என்ற மாப்பிள்ளை வெச்ச ஜாயின்ட்டுங்களா?"

அவர் அதைப் பார்த்தார். "செரி, எல்லாரும் போயி வேலையப் பாருங்க. நீ நாளைல இருந்து வரவேண்டாம்."

"நாளைக்கு என்னங்க, இன்னைக்கே போறேன்."

கேட்டுக்கு வெளியே இளங்கோ பைக்கில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்காமலே பேசினான். "துணிய உருவுன அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, அந்தாளு காலப் புடிச்சாவது கழுவியிருப்பேன் அத்த. நின்னு பாத்துட்டே இருந்திருக்கீங்க." பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

மகுடேஸ்வரன் அந்த நாலு யூனிட்டுக்கும் மறுபடி போன் பண்ணவே இல்லை. பூசின கெட்ட பெயர் பூசினபடி நின்றது. பொங்கலுக்கு மகளோடு வந்த இளங்கோ மாமியார் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சித்திரையில் வந்தபோது சோறு தின்றான், பேசவில்லை. மயிலாளும் வற்புறுத்தவில்லை.

இளங்கோ இப்போது பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு பால் ஆலையில் நீராவிக் குழாய் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பொங்கலூரில் மாமியார் வீட்டுக்கு வருகிறான்.