பவதாரணி சித்தி குடுக்காத அறுபத்தொரு பேர்

பவதாரணி சித்தி ஆறு வருசமா என்ன வேலை செய்யிறா எண்டு எங்கட சொந்தத்துக்கே தெரியாது. கேட்டால், "வின்டர்தூர் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில ஒரு சங்கக் கந்தோர்" எண்டுவா. அது பால் பண்ணைக்காரரின்ர சங்கமெண்டு ஆரோ ஒருத்தர் நினைச்சு, அப்பிடியே பரவி, கலியாண வீட்டில "ஏன் பிள்ளை பால் விலை இப்பிடி ஏறிப்போச்சு?" எண்டு கேக்கிற அளவுக்கு வந்திட்டுது. சித்தியும் "அரசாங்கத்தைக் கேளுங்கோ" எண்டுபோட்டு வடையைக் கடிப்பா.

உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். அது பெரியாக்களுக்கான வெப்சைட் நடத்துறாக்களின்ர சங்கம். ஓம், நீங்கள் நினைக்கிற அதே வெப்சைட்தான். அங்கத்தவர் அறுபத்தொரு பேர், சித்தி செயலாளர். பதினொரு வயசில இங்க சுவிசுக்கு வந்து, கந்தோர் வேலை, அதான் ஒபீஸ் வேலை, படிச்சு, ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில பத்தொன்பது வருசம் இருந்தவ. அவங்கள் அந்தக் கிளையை மூட, நாப்பத்தாறு வயசில நூற்றிப் பதினாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டா. ஓம் எண்டது இந்தச் சங்கக்காரர் மட்டும்தான்.

"கடிதம் எழுதிறன், கூட்டம் வைக்கிறன், சட்டம் மாறினால் விளங்கப்படுத்திறன். படம் பாக்கிறது என்ர வேலையில இல்லை" எண்டு என்னட்டச் சொன்னவ. நான் சிரிச்சதுக்கு மண்டையில ஒரு குட்டு.

ஒளிச்சதுக்குக் காரணம் சனிக்கிழமை. சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடத்தில மூண்டாம் வகுப்புப் படிப்பிக்கிறா. பதினாலு பிள்ளையள். சித்திக்கெண்டு பிள்ளையள் இல்லை. "அந்த ரெண்டு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் எழும்புறன்" எண்டு பகிடி மாதிரிச் சொல்லுவா. பகிடி இல்லை.

போன பெப்ரவரியில சூரிச்சில ஒரு அரசாங்கக் கந்தோரில இருந்து ஒரு கடிதம் வந்தது. வயசு பாக்காமல் சின்னப் பிள்ளையளையும் உள்ள விடுற சைட்டுகளை அரசாங்கம் பிடிக்கத் தொடங்கியிருந்த நேரம். எந்த சைட் ஆருடையது எண்டு தேட அந்தக் கந்தோருக்குப் பஞ்சி, சோம்பல். சங்கத்தின்ர அங்கத்தவர் பட்டியலை, சொந்தப் பேர், வீட்டு விலாசத்தோட, முழுக்கத் தரட்டாம். செயலாளர் நேரில வரட்டாம்.

"பிழை விட்ட சைட்டைப் பிடிக்கட்டும், நானே கைதட்டுவன்" எண்டா சித்தி. "ஆனா சங்கத்தில சேர்ந்ததும் ஒரு குற்றமோ? இதில ஒன்பது பொம்பிளையள் வீட்டில தனிய கமராவுக்கு முன்னால இருந்து உழைக்கிறவை. ஒருத்தியின்ர மகன் ஒரு குட்டிக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில. அவளின்ர விலாசம் ஒரு மேசையில கிடந்தா, ஊருக்குள்ள கதை வர எவ்வளவு நேரம்?"

துணைக்கு ஒருத்தர் வரலாமெண்டு கடிதத்தில இருந்ததால நானும் சூரிச்சுக்குப் போனன். அதிகாரி நல்ல சுத்தமான மனுசன். குரல் ரயில் அறிவிப்பு மாதிரி, ஒரே சீராப் போகும். வணக்கம் சொல்லி, சித்தியின்ர குடும்பப் பேரைத் தன்ர வாய்க்கு ஏத்தமாதிரி நெளிச்சார். "க்ரூயெட்ஸி, ஃப்ராவ் மாஹேன்ட்ரான். உங்களுக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்துள்ளார்."

கதிரையில கனகரத்தினம் அண்ணை!

தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பொறுப்பாளர். கோயில்ல மைக் பிடிக்கிறவரும் அவர்தான். "பக்த அடியார்களே, சாம்பல் நிற வாகனத்தைத் தயவுசெய்து அகற்றவும்." மைக் இல்லாட்டிலும் அவருக்கு எக்கோ வரும். சித்தியைக் கண்டதும் முகமெல்லாம் பல்லு.

"அட, எங்கட டீச்சர்! என்ன பிள்ளை, பால் சங்கத்தில ஏதும் பிரச்சினையோ?"

சித்தி ஜேர்மனில, தனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், தான் இந்த நாட்டில படிச்சவ எண்டா. ரயில் அறிவிப்புக் குரல்காரர் அசையேல்லை. "பிறகு விளங்கவில்லை என்று சொல்லக் கூடாது பாருங்கள். இது எங்கள் விதி." தமிழ்ப் பேரைப் பாத்து மொழிபெயர்க்க ஆளைப் பிடிச்சிருக்கினம், அவ்வளவுதான்.

கனகரத்தினம் அண்ணை ஒரு தாளில கையெழுத்து வைச்சார். உள்ள கேட்டது ஒண்டும் வெளிய போகாது எண்ட தாள். அப்பதான் அதிகாரி சொன்னார்: "பட்டியலை இப்போதே மின்னஞ்சலில் அனுப்பினால் விசாரணையே தேவையில்லை. இவரும் வீட்டுக்குப் போகலாம்."

சித்தியின்ர போன் மேசையில கிடந்தது. ஒரு அமத்து அமத்தினால் பட்டியல் போயிடும். அண்ணைக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. பால் பாலாவே இருந்திடும், சனிக்கிழமை சனிக்கிழமையாவே இருந்திடும். சித்தி போனைப் பாத்தா. பிறகு அதைக் கைப்பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்து மூடினா.

"விசாரியுங்கோ" எண்டா.

அதிகாரி சங்கத்தின்ர முழுப்பேரை வாசிச்சார். அண்ணை வாயைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"அது வந்து பிள்ளை... இந்த... வயசு வந்தாக்கள்... இன்ரநெற்றில... ஒரு விதமான... கலை நிகழ்ச்சி..."

"ஆபாசப்பட சைட், அண்ணை. அதை நடத்துறாக்களின்ர சங்கத்துக்கு நான் செயலாளர். வடிவா மொழிபெயருங்கோ, வெக்கப்படாதேங்கோ."

அண்ணையின்ர எக்கோ நிண்டு போச்சு.

சித்தி அதிகாரியிட்டத் திரும்பி ஜேர்மனில கேட்டா: "இது கட்டளையோ, கேள்வியோ?"

"இப்போதைக்கு... ஒரு வேண்டுகோள்."

"அப்ப என்ர பதில் இல்லை. ஒரு சைட் பிழை விட்டால் அந்த சைட்டின்ர பேரைச் சொல்லிக் கேளுங்கோ, எங்கட வக்கீல் பதில் சொல்லுவார். அறுபத்தொரு பேரை வலை போட்டு அள்ள நான் விடமாட்டன்."

"நாங்கள் நீதிமன்றம் போகலாம்."

"போங்கோ. வழி தெரியாட்டி நான் கூட்டிக்கொண்டு போறன்."

வெளிய ட்ராம் தரிப்பில கனகரத்தினம் அண்ணை பின்னால ஓடி வந்தார். குரல் இப்ப குசுகுசு.

"பிள்ளை, நான் ஒருத்தரிட்டையும் மூச்சும் விடமாட்டன். ஆனா சனிக்கிழமை நீர்... வராமல் விட்டா நல்லது. சின்னப் பிள்ளையள் படிக்கிற இடம்."

"அப்பிடியோ? நான் ஏன் வரேல்லை எண்டு பெற்றோர் கேட்டா என்ன சொல்லுவியள்?"

அண்ணை ட்ராம் வருதோ எண்டு எட்டிப் பாத்தார்.

"சொன்னால் உங்கட கையெழுத்து போச்சு, இந்த மொழிபெயர்ப்பு வேலையும் போச்சு. உங்களிட்ட ஒரு ரகசியம் இருக்கு, என்னட்ட அறுபத்தொண்டு. நான் என்ர சாமானைக் காப்பாத்திறன், நீங்கள் உங்கட சாமானைக் காப்பாத்துங்கோ."

நான் சிரிப்பை அடக்க ட்ராம் நேரசூசியை நாலுதரம் வாசிச்சன்.

அதோட விட்டிருக்கலாம், அண்ணை மாட்டிக்கொண்டார்தானே. ஆனா ரயிலில வரேக்க சித்தி சொன்னா, "ஒருத்தற்ர வாய்க்குள்ள வாடகைக்கு இருக்க எனக்கு ஏலாது."

சனிக்கிழமை பிள்ளையளை வகுப்புக்குள்ள விட்டுக் கதவைச் சாத்திப்போட்டு, விறாந்தையில நிண்ட அம்மா அப்பாமாரிட்ட வந்தா. கனகரத்தினம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோட சிலை.

"நான் வேலை செய்யிறது பால் சங்கத்தில இல்லை" எண்டு தொடங்கி, எதில எண்டு முழுசாச் சொன்னா. "சட்டத்துக்கு உட்பட்ட வேலை. வெக்கப்பட்டு ஆறு வருசம் ஒளிச்சன், அதுதான் என்ர பிழை. என்னட்டப் பிள்ளையை விட விருப்பமில்லாட்டி இப்பவே கூட்டிக்கொண்டு போங்கோ. ஆர் எண்டு நான் பேர் எழுதி வைக்கமாட்டன்."

ஜெரோசன் எண்ட பிள்ளையின்ர அப்பா வகுப்புக்குள்ள போய் மகனைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போனார். இன்னொரு அம்மாவும் தன்ர பிள்ளையோட போனா. மற்றாக்கள் போகேல்லை. பிரியதர்சினி எண்ட ஒரு இளம் அம்மாதான் முதல்ல வாய் திறந்தவ.

"அப்ப டீச்சர், இவ்வளவு நாளும் பால் விலையைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம்?"

"எல்லாம் புளுகு."

ஆரோ சிரிக்க, எல்லாரும் சிரிச்சிட்டினம். பன்னிரண்டு பிள்ளையள் மிச்சம். ரெண்டு வெறுங் கதிரையையும் சித்தி அடுக்கி வைக்கேல்லை, இண்டைக்கும் அப்பிடியேதான் கிடக்குது.

மே மாசம் ரெண்டாவது கடிதம். திரும்பவும் வேண்டுகோள், திரும்பவும் நேரில வரட்டாம். சித்தி பதிலைத் தட்டிப்போட்டு என்னட்டக் காட்டினா. பட்டியல் இல்லை, நீதிபதி கேட்டால் வக்கீல் வருவார், வணக்கம். அடியில இன்னொண்டும் எழுதிக் கிடந்தது:

"மொழிபெயர்ப்பாளர் கட்டாயமெண்டால் முந்தி வந்த அதே ஐயாவை அனுப்பவும். அவருக்கு இப்ப சொல்லெல்லாம் பாடம்."