சேனல் இரண்டில் எல்லாரும் கேட்ட சொல்

வாக்கி-டாக்கியில் சேனல் அடைபட்டால் யார்டில் எல்லா எந்திரங்களும் நிற்க வேண்டும். மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் அடுக்கும் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒருவர் வாக்கியின் பட்டனை அழுத்தியபடியே இருந்தால் வேறு யாரும் பேச முடியாது. தலைக்கு மேல் பெட்டி தொங்கும் இடத்தில் அது ஆபத்து. புதியவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுப்பவன் நான். ஒரு நாள் காலை யார்டு முழுவதும் என்னால்தான் நின்றது.

பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றதும் அவர் வேலையைப் பல மாதம் நான்தான் பார்த்தேன். பதவி எனக்குத்தான் என்று சொந்தக்காரர்கள் வரை சொல்லியாகிவிட்டது. கடைசியில் செராஸிலிருந்து சுமதி என்ற பெண் அந்த நாற்காலிக்கு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. எனக்கு வயிறு எரிந்தது. மேனேஜர் டானிடம் நேரே கேட்டுவிடுவது, பதில் சரியில்லை என்றால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

டானிடம் தினமும் பேசுவது மலாயில்தான். ஆனால் இதை இங்கிலீஷில் சொன்னால்தான் கெத்து என்று தோன்றியது. மனவருத்தத்துக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று, பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் எடுக்கும் என் மகளிடம் கேட்டேன்.

“சேட்னு சொல்லாதீங்கப்பா, அது சின்னப் பிள்ளைங்க சொல்றது. டிஸ்ஸப்பாயின்டட்னா நெனச்சது கெடைக்கல, அவ்வளவுதான்.”

“அதுக்கும் மேல இருக்கணும்மா.”

“அப்ப டிஸ்ஹார்ட்டன்ட். முயற்சி பண்ணிப் பண்ணிப் பாத்து, இனிமே பண்றதுக்கே மனசு வரலைன்னு அர்த்தம்.”

அதுதான் நான் என்றேன்.

மறுநாள் காலை, பெட்டி தூக்கி அடுக்கும் என் ரீச் ஸ்டேக்கர் எந்திரத்தின் கேபினில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். “சார், ஐ ஆம் வெரி டிஸ்ஹார்ட்டன்ட்.” கோபமாகச் சொல்லிப் பார்த்தேன், தணிவாகச் சொல்லிப் பார்த்தேன். நடுவில் தமிழிலும் கொட்டினேன். “அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? நேத்து வந்தவ!”

நிமிர்ந்து பார்த்தால் எதிர் ஸ்டேக்கர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறது. லோரிகள் வரிசையாக நிற்கின்றன. டிரைவர்கள் எல்லாரும் தலையை நீட்டி என்னையே பார்க்கிறார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் செல்வம் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“அண்ணே! வாக்கி மேல உக்காந்திருக்கீங்கண்ணே! எல்லாருக்கும் கேக்குது லா!”

தொடைக்கு அடியில் கையை விட்டு வாக்கியை எடுத்தேன். உடம்பெல்லாம் கூசியது. அப்படியே கீழே இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் கிள்ளானில் இருக்கும் வீட்டுக்கு ரயில் ஏறிவிடலாமா என்றிருந்தது.

டான் கூப்பிட்டனுப்பினார். அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை.

“யூ நெவர் அப்ளை லா, மணியம். ஐ தாட் யூ டோன்ட் வான்ட்.”

நீ விண்ணப்பமே போடவில்லையே, உனக்கு வேண்டாம் போல என்று நினைத்துவிட்டேன் என்கிறார். உண்மைதான். விண்ணப்பம் கேட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைத் தினமும் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கிற வேலைக்கு நானே போய் விண்ணப்பிப்பதா? கல்யாண வீட்டில் முறையாகக் கூப்பிட்டால்தான் பந்தியில் உட்காருவோம் அல்லவா, அதே வீம்புதான். கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். சுமதி விண்ணப்பம் போட்டாள், இன்டர்வியூவுக்கு வந்தாள், வேலையை வாங்கினாள்.

டிஸ்ஹார்ட்டன்ட் என்பது முயன்று ஓய்ந்தவன் சொல்ல வேண்டிய சொல். நான் முயலவே இல்லை. வாக்கியில் மானம் போனதைவிட அந்த அறையில் நின்றதுதான் எனக்குப் பெரிய வெட்கம். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளே, வேண்டும் என்றால் வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். உங்கள் மனதில் இருப்பது மேலே இருப்பவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடாது.

வேலையை விடும் பேச்சை எடுக்காமல் கேபினுக்குத் திரும்பினேன். யார் முதலில் கேலி செய்யப் போகிறார்களோ என்று காத்திருந்தேன். சுமதியின் குரல்தான் வந்தது.

“மணியம் அண்ணே, நாலாவது வரிசை, மேல் பெட்டி. லோரி வெயிட்டிங். எடுத்துக் குடுங்க.”

அவ்வளவுதான். நான் பேசிய அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். அதே சேனலில், அத்தனை பேர் கேட்க, அவள் எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

பட்டனை அழுத்தினேன். இந்த முறை எல்லாருக்கும் கேட்கட்டும் என்றேதான் அழுத்தினேன்.

“சரி, சூப்பர்வைசர்.”

அவள் வந்து ஒரு மாதமாகியும் நான் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.