பகலில் தூங்க ஓர் அறை

மேஸ்திரியக்கா எங்கள் ஹாலின் வெறுந்தரையில் மல்லாந்து படுத்திருந்தார். காலை பத்தரை மணி. புடவைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் பையில் டேப்பும் பென்சிலும் துருத்திக்கொண்டிருந்தன. கைகளை வயிற்றின் மேல் கோத்து, கண்களை மூடியிருந்தார். அளவெடுக்கத்தான் வரச்சொல்லியிருந்தேன். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று பதறிப்போய்க் குனிந்தேன்.

"அக்கா, உடம்புக்கு முடியலையா?"

"உஷ்! பேசாதீங்க சார். உங்க வீட்டுக்காரம்மா இங்கதானே படுக்கறாங்க? அவங்க காதுல என்னென்ன விழுதுன்னு கேட்டுட்டிருக்கேன்."

இருபது நிமிடம் அப்படியே கிடந்தார். பிறகு எழுந்து, சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே நாலு பக்கமும் கோடு கிழித்தார். "வாசப்பக்கம் பள்ளிக்கூடம். மணி ரெண்டு வாட்டி, மைக்கு ஒரு வாட்டி. இந்தப் பக்கம் அடுத்த வீட்டு மிக்சி, தண்ணி மோட்டாரு. உள்ள உங்கப்பாவோட டிவி. பின்பக்கம் ஒரே ஒரு காக்கா. காக்கா போனா போகுது. ஜன்னலு பின்னாடிதான்."

அறையே இல்லை. அது எங்கே வரும் என்றும் தெரியாது. ஆனால் அதன் ஜன்னல் முடிவாகிவிட்டது. அவர் வேலை தொடங்கும் விதம் இதுதான். எந்த வீட்டுக்குப் போனாலும், புதிய அறையில் யார் என்ன செய்யப்போகிறாரோ அதைத் தான் ஒரு தடவை செய்து பார்த்துவிடுவார். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்காகக் குளியலறை கட்டப் போனபோது, அந்த நாற்காலியை இரவல் வாங்கி உட்கார்ந்து வீடு முழுக்க உருட்டிப் பார்த்தாராம். இரண்டு கதவு நிலைகளில் கைமுட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. "கதவு எவ்வளவு அகலம் வேணும்னு என் கையில எழுதிருச்சு" என்று அந்தத் தழும்பை இப்போதும் நீட்டிக் காட்டுகிறார்.

வயது ஐம்பது இருக்கும். பதினாறு வருஷம் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தவர். ஒருநாள், தலையில் சட்டியோடு நின்றபடி, எழும்பிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்து, "அண்ணே, இது வாசப்பக்கம் சாயுது" என்று கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார். "உன் வேலையப் பாரு" என்று பதில் வந்தது. நாலாம் நாள் அந்தச் சுவரைப் பிரித்துக் கட்டினார்கள். ஐந்தாம் நாள் அவர் சொந்தமாக ஒரு கொத்துக்கரண்டி வாங்கிவிட்டார். இப்போது அவருக்குக் கீழே நாலு ஆட்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பழைய கொத்தனார். அதைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

புது வீடு கட்டிக்கொடுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "காலி மனையில யாரு வேணா கட்டுவாங்க. குடியிருக்கற வீட்டுல இடம் கண்டுபிடிக்கணும். அதுலதான் தம் இருக்கு." இடிப்பது என்ற சொல்லும் அவர் வாயில் வராது. சுவரைத் 'திறக்கணும்' என்பார். திறப்பதற்கு முன் அதை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், முரண்டு பிடிக்கும் மாட்டைத் தட்டுகிற மாதிரி.

எங்கள் வீட்டில் அவர் தேடிக்கொடுக்க வேண்டியிருந்தது தூக்கம். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நிரந்தர இரவுப் பணி. வீடோ ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. அறையில் பக்கவாதத்தில் படுத்த என் அப்பா. காது மந்தம், ஆகவே டிவி முழுச் சத்தத்தில். என் மனைவி ஹாலில் கண்ணுக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பாள். மூன்று மணி நேரத் தூக்கம், அதுவும் துண்டு துண்டாக. இப்படியே நாலு வருஷம் ஓடிவிட்டது. ஒரு விடியற்காலையில், பக்கத்துக் கட்டிலுக்கான மாத்திரையை இந்தக் கட்டிலுக்கு நீட்டிவிட்டாள். "இது என்னோடது இல்லியே சிஸ்டர்" என்று நோயாளியே சொன்னதால் விபரீதம் ஏதும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்தவள் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "நான் வேலைய விட்டுடறேங்க. என்னிக்காவது ஒரு உயிரு போயிடும்" என்றாள். அந்த வேலைக்காக அவள் எவ்வளவு படித்தாள் என்று எனக்குத் தெரியும். அதை அவள் எவ்வளவு விரும்புகிறாள் என்பதும் தெரியும்.

அப்போதைக்கு ஒரு வழி கிடைத்தது. அவளுடைய தோழி ஒருத்தி இரண்டு மாத விடுப்பில் போனாள். அவளுடைய குவார்ட்டர்ஸ் அறை காலியாக இருந்தது. பகலில் அங்கேயே தூங்கலாம். தோழி திரும்பி வருவதற்குள் வீட்டில் ஓர் அறை. இல்லாவிட்டால் ராஜினாமா.

முதலில் ஓர் இன்ஜினியரை அழைத்தோம். மூலையில் கடப்பாரை போட்டுப் பார்த்துவிட்டு, "அஸ்திவாரம் முழங்கால் ஆழம்கூட இல்ல. மேல ஒரு செங்கல் வைக்கக்கூடாது. வேற வீடு பாருங்க" என்றார். மேஸ்திரியக்காவும் அதே மூலையில் தோண்டினார். மண்ணை உள்ளங்கையில் வைத்து நசுக்கினார்.

"அவரு சொன்னது நெசம் சார். தாங்காது."

அவர் பாட்டுக்குச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவிலிருந்த மூன்றடிச் சந்தில் இறங்கி நடந்தார். அந்தப் பக்கச் சந்திலும் போய் நடந்தார். திரும்பி வந்தவரின் முகம் மலர்ந்திருந்தது.

"மூஞ்சிய ஏன் சார் தொங்கப் போடறீங்க? தாங்காதுன்னுதானே சொன்னேன். கட்ட முடியாதுன்னா சொன்னேன்? இந்தச் சந்துல ரெண்டு தூணு, அந்தச் சந்துல ரெண்டு தூணு. தூணுக்குத் தனி அஸ்திவாரம். மேல உத்தரம் போட்டு, அது மேல ரூம். உங்க வீடு பாட்டுக்குக் கீழ இருக்கட்டும். மேல இருக்கறது அதைத் தொடவே தொடாது."

"தொடாதுன்னா?"

நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார். "இவ்வளவு சந்து விடுவேன். எடையும் கீழ இறங்காது, டிவி சத்தமும் மேல ஏறாது."

அந்த நாலு விரலை அவரே போய் அதே இன்ஜினியரிடமும் காட்டினார். இன்ஜினியர் கம்பிக் கணக்கைப் போட்டுக் கையெழுத்திட இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

குழிகளை ஒவ்வொன்றாகத்தான் தோண்டினார்கள். ஒன்றில் கான்கிரீட் போட்டு மண் மூடிய பிறகுதான் அடுத்தது. "எல்லாத்தையும் ஒரே நாள்ல தோண்டினா பழைய சுவரு பயந்துக்கும்" என்றார். அவசரப்பட்டவன் நான்தான். தினமும் காலண்டரைப் பார்த்தேன். அவரோ தூண்களுக்குக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒருநாள் பொறுக்காமல், "உங்க வீட்டுல எத்தனை ரூம்க்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுதான். அவரு லாரி ஓட்டறாரு, பாதி நாளு வெளியூரு. எனக்கு நீட்டிப் படுத்தா போதும். படுத்தா இடி விழுந்தாலும் தெரியாது" என்று சிரித்தார்.

உத்தரத்தின் மேல் அறைக்கான தளம் போடும் நாள் வந்தது. நண்பகல்வரை சுட்டெரித்த வெயில், பாதித் தளம் முடிந்தபோது பட்டென்று அணைந்தது. மேற்கே மேகம் கறுத்துவந்தது. பாதியில் நிறுத்தினால் இணைப்பில் விரிசல் விடும். நனைந்தால் சிமெண்டே கரைந்து ஓடும். "தார்ப்பாய்!" என்று மேலேயிருந்து ஒரே ஒரு குரல் கொடுத்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்தார். மிக்சி வீட்டு அம்மா மாவுக் கையோடு மூன்றாவதைப் பிடித்தார். இன்னொரு முனையைக் கம்பியில் கட்டினோம். மழை கொட்டியது. தார்ப்பாய்க்குக் கீழே மண்டியிட்டபடி ஆட்கள் கலவையைப் பரப்ப, அவர் மட்டக்கட்டையால் அதைச் சமப்படுத்தியபடி பின்னாலேயே நகர்ந்து வந்தார். தண்ணீர் என் முழங்கை வழியாகச் சட்டைக்குள் ஓடியது. கை மரத்துவிட்டது.

"விட்டுடாதீங்க சார்! இன்னும் ஆறடி! நாலடி! ரெண்டே அடி!"

கடைசிச் சட்டி விழுந்தபோது, வாட்ச்மேன் மைக்கில் பேசுகிறவர் மாதிரி "முடிஞ்சிருச்சேய்!" என்று கத்தினார். தெருவே கேட்டிருக்கும்.

தளம் இறுகி, அடைப்புப் பலகைகளைப் பிரித்த அன்று இன்ஜினியர் வந்தார். ஏணியில் ஏறி, பழைய மொட்டைமாடிக்கும் புதுத் தளத்துக்கும் நடுவே கையை நுழைத்தார். நான்கு விரல்களைச் சேர்த்து நீட்டிய கை முழங்கை வரை தடையின்றிப் போய்வந்தது. இன்னொரு மூலைக்குப் போய் அங்கேயும் நுழைத்துப் பார்த்தார். இறங்கி வந்து கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டவர், "அடுத்த தெருவுல ஒரு வீடு இருக்கு. நான் முடியாதுன்னு சொல்லிட்டு வந்தேன். ஒரு எட்டு வந்து பாக்கறீங்களாக்கா?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து வந்த அந்த 'அக்கா'வைக் கேட்டதும் பழைய கொத்தனார் கலவையைக் கிளறுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மேஸ்திரியக்காவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

தோழி திரும்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது அறை முடிந்தது. பத்துக்குப் பதினொன்று. கனம் குறைந்த கற்களால் சுவர். இரட்டைப் பலகைக் கதவு. பின்பக்கம் ஒரே ஜன்னல். என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, இரும்புப் படிகளில் ஏறி, சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். எட்டரைக்குக் கதவைச் சாத்தினாள்.

மிச்சப் பலகைகளை எடுத்துப்போக மேஸ்திரியக்கா வண்டியோடு வந்தபோது மணி மூன்று இருக்கும்.

"நர்சம்மா எங்க?"

"தூங்கறா."

"எப்பலேர்ந்து?"

சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். ஆறரை மணி நேரம். அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலோடு வெளியே கொட்டினார்கள். உள்ளே அப்பாவின் டிவியில் யாரோ அழுதார்கள். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து மேலே பார்த்தோம். கதவு திறக்கவில்லை. மாடியில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

பலகைகளை ஒவ்வொன்றாக, கண்ணாடிச் சாமான் போல் ஏற்றினார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகப்போனார். மேஸ்திரியக்கா ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நியூட்ரல்ல போடு" என்றார், காதோடு காதாக. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுமையேறி நின்ற அந்த வண்டியின் பின்பலகையில் தோளைக் கொடுத்து, தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.