எங்களிடம் மட்டும் இருந்த சாவி

சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்குப் பட்டாசு லேபிள் டிசைன்கள் மின்னஞ்சலில்தான் வரும். சேவை நிறுவனத்தாலும் படிக்க இயலாத, சாவி நம்மிடம் மட்டுமே இருக்கும் மின்னஞ்சலுக்கு மாற வேண்டுமென வாதிட்டு அப்பாவை வென்றவன் நான். அந்தச் சாவியான கடவுச்சொல்லாக, அவர் வழக்கம்போல் புதுவெடி ஒன்றின் பெயரை வைத்தார். சீசன் நெருக்கடியில் எந்த வெடி என்பதை மறந்தார். நிறுவனமோ தங்களாலும் திறக்க முடியாதென்று கைவிரித்தது.

"ஏலே, காசு வாங்குறவன்கிட்டயே சாவி இல்லையாம்! நல்லாப் பேசுனே போ," என்றார் அப்பா.

உள்ளே சிக்கியிருந்தது, பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் இன்னும் வெளிவராத லேபிள். ஆர்டர் கைநழுவும் என்ற அச்சத்துடனேயே அவரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"அவுகளாலயே திறக்க முடியலைன்னா, போட்டிக் கம்பெனிக்காரன் எங்கிட்டுப் பாக்க? புது மெயில் போடுங்க தம்பி, மறுபடி அனுப்புறேன்."

"ரொம்ப நன்றிங்க அண்ணாச்சி" என்றேன். அதே சேவையில் புதுக் கணக்கு தொடங்கி, இம்முறை கடவுச்சொல்லை அப்பாவின் கணக்கு நோட்டிலும் எழுதிவைத்தேன்.