தொப்பி போட்ட மெஷின்காரர்

போன் அடிக்கிறது. மெஷின்காரர் அதை எடுக்கவில்லை. வாஷிங் மெஷினின் மூடிமேல் அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு முறை அடிப்பதையும் எண்ணுகிறார். நான்கு, ஐந்து, ஆறு. ஆறோடு நின்றுவிட்டது. "கஸ்டமர்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திருகிக்கொண்டிருந்த ஸ்க்ரூவை முழுக்கத் திருகி முடிக்கிறார். அப்புறம்தான் எண்ணைத் திருப்பிப் பார்க்கிறார்.

அவர் கண்டுபிடித்து வைத்திருக்கும் சூத்திரம் இது. அழுக்குத் துணியோடு நிற்பவர்கள் ஆறு தடவைக்குமேல் காத்திருக்கமாட்டார்கள். கடனைக் கேட்பவர்கள் கடைசிவரை அடிக்கவிட்டு, மூச்சு வாங்காமல் மறுபடியும் அடிப்பார்கள். கடனில் விழுந்த இந்தப் பதினான்கு மாதத்தில் இந்தச் சூத்திரம் ஒரே ஒரு முறைதான் காலை வாரியது. யாரோ ஓர் அம்மாளின் வீட்டில் மெஷினிலிருந்து தண்ணீர் கொட்டி, கூடத்தில் செருப்பெல்லாம் மிதக்க, அவர் விடாமல் பதினோரு முறை கூப்பிட்டார். மெஷின்காரர் போனைத் துண்டில் சுருட்டிப் பைக்குள் அமுக்கிவிட்டார். மாலையில் போய் ஈரத் தரையில் நின்றபடி வாங்கிக் கட்டிக்கொண்டார். "தெரியாத நம்பர் பாத்தாலே எடுக்கப் பயமா இருக்கும்மா" என்று உள்ளதைத்தான் சொன்னார். தெரியாத நம்பரை நம்பித்தானே அவர் பிழைப்பே ஓடுகிறது என்று அந்த அம்மாள் கேட்டபோது, மெஷின்காரர் குனிந்து தண்ணீர்க் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு. முழங்கால் இரண்டிலும் தேய்ந்து வெளுத்த காற்சட்டை. வெயிலோ மழையோ, வீட்டுக்குள்ளோ வெளியிலோ, தலையில் ஒரு நீலத் தொப்பி. மெஷின் கம்பெனி ஒன்று எப்போதோ இலவசமாகக் கொடுத்தது. முன்பெல்லாம் அதை வண்டிப் பெட்டியைத் துடைக்கத்தான் வைத்திருந்தார். இப்போது சாப்பிடும்போதுகூட அது தலையைவிட்டு இறங்குவதில்லை. காரணம், தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறார். முன்பக்கம் கண்ணாடி பார்த்து ஒருவாறு சமாளித்துவிடுவார். பின்பக்கம் அவர் மனைவியின் பொறுப்பு. "படிக்கட்டு மாதிரி இருக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு அந்தம்மா கத்தரிக்கோலைத் தையல் டப்பாவில் திரும்ப வைப்பார்.

தொழிலில் அவர் கெட்டி. மெஷினைத் தொடுவதற்கு முன்னால் ஓடவிட்டுக் கேட்பார். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துத் தகட்டில் உள்ளங்கையை வைத்தால், பேரிங்கா பம்ப்பா என்று சொல்லிவிடுவார். தண்ணீர் வெளியேறும் இடத்து ஃபில்டரைக் கழற்றினால் அந்த வீட்டின் சில்லறை சமாசாரமெல்லாம் வந்து விழும். காசு, ஊக்கு, பொத்தான், குழந்தையின் ஒற்றைக் காலுறை. எல்லாவற்றையும் கழுவி ஒரு தட்டில் வரிசையாக அடுக்கி வீட்டுக்காரரிடம் காட்டுவார். "நாணயம் ஏழு, சரியா பாத்துக்குங்க." சில்லறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிப் போகும். முன்பு இதே பேச்சைச் சிரித்துக்கொண்டே மறுத்தவர்தான்.

வேலை முடிந்ததும் "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டுப் போறேன்" என்பார். தேவையே இல்லை. ஆனாலும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, துணி சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாற்பத்தெட்டு நிமிடம். அடுத்தவர் வீட்டுக் குளியலறை ஓரத்தில் கிடைக்கும் அந்த நாற்பத்தெட்டு நிமிடம்தான் அவருக்கு ஒரு நாளில் வாய்க்கும் நிம்மதி. அப்போது அவர் கடன்காரர் அல்ல, வேலை செய்துகொண்டிருக்கும் மனிதர். கடைசிச் சுற்று வேகமெடுத்து, தணிந்து, நின்றதும் அவர் முகத்தில் ஒரு வருத்தம் வரும். இன்னும் கொஞ்ச நேரம் ஓடக்கூடாதா என்பதுபோல் இருக்கும்.

இவ்வளவு காது கூர்மையான ஆள் எப்படி ஏமாந்தார் என்பதுதான் வேடிக்கை. பழைய மெஷின்களைப் புதுப்பித்து விற்கும் கடை போட ஆசைப்பட்டார். ஒரு கிடங்கில் நாற்பது மெஷின் மொத்தமாக, சல்லிசான விலைக்கு வந்தது. அன்றைக்குக் கிடங்கில் மின்சாரம் இல்லை. நாளைக்கு வேறொருவர் வந்துவிடுவார் என்று அவசரப்படுத்தினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக, ஓடவிட்டுக் கேட்காமல் நாற்பது மெஷினை வாங்கினார். முப்பத்தொன்று வெள்ளத்தில் மூழ்கி எழுந்தவை. மோட்டாருக்குள் சேறு காய்ந்து கிடந்தது. "கேக்காம வாங்கிட்டேன்" என்று இன்றைக்கும் சொல்வார். யாரும் கேட்காதபோதும் சொல்வார்.

அந்த மெஷின்களுக்குக் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து தினமும் பத்து மணிக்கு ஒரு பெண் பேசுவாள். அந்த ஓர் எண் அவருக்கு மனப்பாடம். அதை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துவிடுவார். வேலைக்குப் போகும் பெண், அவளுக்கும் மேலே யாரோ இருப்பார்கள் என்று அவளுக்காகவும் கொஞ்சம் வருத்தப்படுவார். ஒரு நாள் அவளுக்குக் கடும் ஜலதோஷம். "லீவு போட்டிருக்கலாமேம்மா" என்றார். "இல்ல சார், முடியல" என்று சொல்லி, மூக்கை உறிஞ்சிவிட்டு, மூன்று தவணை பாக்கியை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அவளைச் சமாளிக்க முடிகிறது. சமாளிக்க முடியாதவர் ஒருவர் உண்டு. அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை.

அவர் சலூன்காரர். இருபத்தாறு வருடப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை கடை திறந்ததும் முதல் நாற்காலி மெஷின்காரருடையது. முடி வெட்டுவது கால் மணி நேரம், பேச்சு ஒன்றரை மணி நேரம். முடிந்ததும் சலூன்காரர் பிடரியில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, "எந்திரி மாப்ள, காசு குடுக்கிற ஆளு வந்துட்டாங்க" என்பார். கடைக்குப் பின்னால் தகரக்கூரைக்குக் கீழே, துண்டுகள் துவைக்க ஒரு மெஷின். மெஷின்காரர் பொருத்திக் கொடுத்தது. ஒருமுறை பின்பக்கத் தகட்டைக் கழற்றி வேலை செய்தபோது சலூன்காரர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். "இந்த பெல்ட்டக் கழட்டிட்டா என்னடா ஆகும்?" என்று கேட்டார். "மோட்டார் சும்மா சுத்தும். துணி அப்படியே கெடக்கும். அப்புறம் என்னத்தான் கூப்பிடணும்" என்றார் மெஷின்காரர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

புது நாற்காலிகள் வாங்க வைத்திருந்த பணத்தைத்தான் சலூன்காரர் அந்த மெஷின் கடைக்காகத் தூக்கிக் கொடுத்தார். பத்திரம் எழுதலாம் என்றதற்கு, "போடா, பேப்பராம் பேப்பரு" என்றார். மெஷின் கடை நொடித்துப்போன பிறகு வந்த முதல் ஞாயிறு, மெஷின்காரர் தெருமுனைவரை போனார். கதவு வழியாகப் பழைய நாற்காலி தெரிந்தது. கிழிந்த ரெக்ஸினில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அந்த நாற்காலியில் எப்படிப் போய் உட்காருவது? எதிரே ஆளுயரக் கண்ணாடி வேறு. திரும்பி வந்துவிட்டார். அதன்பிறகு அந்தத் தெருப் பக்கம் அவர் தலை தெரிந்ததே இல்லை.

"அவர் ஒரு வார்த்தை கேட்டாரா உங்கள?" என்று மனைவி கேட்டார், ஒரு நாள் பிடரி முடியை வெட்டிக்கொண்டே.

"கேட்டிருந்தா பரவாயில்லையே. திட்டினாக்கூட வாங்கிக்கலாம். கேக்கவே மாட்டேங்கிறானே."

"பேங்க்காரன், ஃபைனான்ஸ்காரன் எல்லார்கிட்டயும் பேசறீங்க. உங்களுக்கு நல்லது செஞ்ச ஆள மட்டும் பாத்து ஓடறீங்க. நல்லா இருக்குங்க நியாயம்."

கத்தரி பிடரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு தட்டு விழாதா என்று மெஷின்காரர் ஏங்கினார். கடன் அடைய வேண்டும் என்று அவர் ஆசைப்படாத நாளில்லை. ஆனால் கடன் அடைந்த நாளில் என்ன செய்வதாக நினைத்துப் பார்த்தாலும், கற்பனை நேராக அந்த டேப் ஒட்டிய நாற்காலியில் போய்த்தான் உட்காரும்.

தெருவுக்குள் போகமாட்டாரே தவிர, பின்பக்கச் சந்து முனையில் வண்டியை மெதுவாக்குவார். அங்கிருந்து பார்த்தால் கொடியில் தொங்கும் வெள்ளைத் துண்டுகள் தெரியும். ஆளைப் பார்க்க முடியாவிட்டால் துண்டையாவது பார்த்துவிட்டுப் போவது. மூன்று மாதத்துக்கு முன்னால், துண்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கவனித்தார். மெஷினில் சுற்றி வந்த துண்டு சொட்டாது. கையால் பிழிந்த துண்டுதான் சொட்டும். மெஷின் படுத்துவிட்டது என்று முனையிலிருந்தே தெரிந்துவிட்டது. வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பான், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தார். மறுநாளும் சொட்டியது. மறுவாரமும் சொட்டியது. சலூன்காரருக்கு வலது மணிக்கட்டில் பழைய வலி உண்டு. நாள் முழுக்கக் கத்தரி பிடித்த கை, மாலையில் முப்பது துண்டைப் பிழிகிறது. மெஷின்காரருக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

போன புதன்கிழமை மத்தியானம் மனசு கேட்காமல் வண்டியைச் சந்துக்குள் திருப்பினார். சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு, சத்தமில்லாமல் போய்விடுவது என்று திட்டம். கடைக்குள் யாருக்கோ சவரம் நடக்கும் ஓசை திரைக்கு அந்தப்பக்கம் கேட்டது. மெஷினை ஓடவிட்டார். மோட்டார் லேசாக, பாரமே இல்லாமல் சுற்றியது. டிரம் அசையவில்லை. பெல்ட் அறுந்துவிட்டது என்று புரிந்தது. மெஷினை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனார். தகட்டில் நான்கு ஸ்க்ரூ இருக்கவேண்டும், மூன்றுதான் இருந்தது. அதில் ஒன்றின் தலை கன்னாபின்னாவென்று நசுங்கியிருந்தது. தொழில் தெரியாத ஆள் கைவைத்த அடையாளம். தகட்டைக் கழற்றினால், உள்ளே பெல்ட்டே இல்லை.

நிமிர்ந்தார். சுவரில், துணிக் கிளிப் டப்பாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு விரிசல் இல்லை. பெல்ட் அறுந்து விழும், நழுவி விழும். தானாகக் கழன்று போய் ஆணியில் மாட்டிக்கொள்ளாது. பெல்ட்டைக் கழற்றினால் என்ன ஆகும் என்று சலூன்காரர் டார்ச் பிடித்துக்கொண்டு கேட்ட அந்த நாள் ஞாபகம் வந்தது. பக்கத்தில் இருந்த வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெல்ட்டை மாட்டி, தகட்டை மூடி, கிடந்த துண்டுகளைப் போட்டு ஓடவிட்டார். டிரம் சுழலும் சத்தம் கேட்டதும் உள்ளே சவரச் சத்தம் நின்றது. திரை விலகியது.

"எத்தன நாளா கையால பிழியற?" என்று முகத்தைப் பார்க்காமலே கேட்டார் மெஷின்காரர்.

"மூணு மாசம். சந்து முனையில உன் வண்டி மெதுவாகறதப் பாத்தேன், சீக்கிரமே வந்துடுவன்னு நெனச்சேன்."

"வேற ஆளக் கூப்பிட வேண்டியதுதானே?"

"நீ வேற கடைக்குப் போனியா? தொப்பிக்கு வெளிய தெரியுதே பின்னாடி, அத யாரு வெட்டினது, எலியா?"

மெஷின்காரருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தொப்பியைப் பின்பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டார். "பணம் இன்னும் என்கிட்ட..."

"நான் கேட்டனா?"

"கேக்கல. அதான்டா தாங்க முடியல."

சலூன்காரர் நுரை ஒட்டிய கத்தியைத் துண்டில் துடைத்தார். வலது மணிக்கட்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "சரி, இப்ப கேக்கறேன். என் பணத்த எப்படா தருவ?"

மெஷின்காரர் முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "மாசாமாசம் கொஞ்சங் கொஞ்சமாத்தான் முடியும்."

"கொஞ்சமாவே குடு. ஆனா ஞாயித்துக்கெழம நேர்ல வந்து குடு. இன்னிக்கு புதன்கெழமதான், பரவாயில்ல. உள்ள ஒரு ஆளு பாதி தாடியோட உக்காந்திருக்காரு. அவர முடிச்சதும் கூப்பிடறேன்." திரை மூடிக்கொண்டது.

பைக்குள் போன் அடித்தது. ஆறு தடவை தாண்டி, கடைசிவரை அடித்து, மறுபடியும் அடித்தது. மெஷின்காரர் எண்ணவில்லை. துண்டுகள் சுழல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளேயிருந்து நாற்காலியைத் தட்டித் துடைக்கும் சத்தமும் "வாடா" என்ற குரலும் வந்தபோது, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, பெல்ட் தொங்கிய அந்த ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.