செயலாளர் எழுதிய ஓடு

சடையப்பனுக்கு அந்தக் கிளப்பைக் கண்டாலே வயிறு எரியும். எரியாமல் என்ன செய்யும்? அவன் அப்பன் முந்திரிக் கொல்லை இருந்த இடத்தில் இப்போது சுரங்கம். அவனோ ஆறு வருஷமாகக் காண்டிராக்டில் அந்தக் கிளப்பில் நெய்வேலி அதிகாரிகளுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தான். பெர்மனன்ட் ஆக வேண்டுமானால் கிளப் செயலாளர் பழனிசாமி சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். அந்த மகானுபாவர் இரண்டு வருஷமாகப் ‘பார்க்கலாம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“கடுதாசி கைக்கு வர்ற வரைக்கும் வாயக் கட்டிகினு இரு” என்பாள் அவன் மனைவி செங்கமலம்.

அறுபத்து மூன்றாம் வருஷம் சனிக்கிழமைதோறும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் கிளப்புக்கு வந்து பழைய கிரேக்க வரலாறு பேசினார். செத்து ரெண்டாயிரம் வருஷமானவன் கதைக்குப் பிஸ்கட் என்ன, பூந்தி என்ன என்று சடையப்பன் கறுவினான். ஆனாலும் காதை மூடவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு கதை வந்தது. ஏதென்ஸ் நகரத்தில் வேண்டாதவன் பேரைப் பானை ஓட்டில் எழுதிப் போடுவார்களாம். எவன் பேரில் ஓடு அதிகமோ, அவன் பத்து வருஷம் ஊரை விட்டு வெளியே. எழுதத் தெரியாத குடியானவன் ஒருவன் பக்கத்தில் நின்றவரிடம் ஓட்டை நீட்டி, ‘அரிஸ்டைடீஸ்னு எழுதிக் குடுங்க’ என்றானாம். நின்றவரே நேர்மைக்குப் பேர்போன அந்த அரிஸ்டைடீஸ்தான். மறுக்காமல் தன் பேரையே எழுதிக் கொடுத்தாராம்.

கதை கேட்ட சந்தோஷத்தில் பழனிசாமிக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வாரக் கூட்டத்தில் இதையே விளையாட்டாக வைத்துவிட்டார். குவார்ட்டர்ஸ் வீடுகளில் எல்லாம் அலுமினியப் பாத்திரம். அதனால் செங்கமலத்தின் ஓட்டைப் பானையை உடைத்துக் கொண்டுபோனான் சடையப்பன். “இன்னிக்கு முடிஞ்சதும் உன் லெட்டர்ல கையெழுத்துப் போடறேன்” என்றார் செயலாளர்.

ஆளுக்கொரு ஓடு, ஆளுக்கொரு கரித்துண்டு. பெண்டாட்டி பேரை எழுதியவனும் உண்டு, மேலதிகாரி பேரை எழுதியவனும் உண்டு. ஒரே சிரிப்பு.

“வாய்யா குடியானவா! யார் பேருன்னு சொல்லு, நான் எழுதறேன்” என்று கூப்பிட்டார் பழனிசாமி. பேராசிரியர் பக்கம் திரும்பி, “கைநாட்டு சார் இவன்” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

செங்கமலம் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆறு வருஷத்து எரிச்சல் அதை முந்திக்கொண்டது.

“உங்க பேருதாங்க.”

கைதட்டல் பறந்தது. செயலாளரும் பல்லைக் காட்டியபடியே எழுதி, “கூடையில போடு” என்று நீட்டினார்.

சடையப்பன் அதைப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த அன்று மேஸ்திரி அவசரத்தில் எல்லோரிடமும் கட்டைவிரல் உருட்டி வாங்கியதுதான் அந்தக் கைநாட்டு. காடாம்புலியூர் படிப்பகத்தில் பத்திரிகையை வரி விடாமல் வாசித்தவன் அவன்.

“சார், கதையில அந்தப் பெரிய மனுசன் தன் பேரத்தான எழுதினாரு?” என்று பேராசிரியரிடம் கேட்டான். “இவரு எம்பேர எழுதிட்டாருங்க.”

சிரிப்பு நின்றது. பேராசிரியர் பிஸ்கட் தட்டைப் பார்த்தார்.

“படிக்கத் தெரியும்னு ஏண்டா சொல்லல?” என்று சீறினார் பழனிசாமி.

“நீங்க கேக்கலீங்க.”

“நாளையிலேர்ந்து வராத.”

வீட்டு வாசலிலேயே செங்கமலம் காத்திருந்தாள். “கடுதாசி எங்க?”

சடையப்பன் ஓட்டை அவள் கையில் வைத்தான். “இதான். செக்ரட்டரி தன் கையாலயே எழுதிக் குடுத்துட்டாரு.”